கோமதி மாரிமுத்து ஊக்கமருந்து வழக்கு

கோமதி மாரிமுத்து ஊக்கமருந்து வழக்கு என்பது, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த தடகள வீராங்கனை கோமதி மாரிமுத்து 2019 ஆம் ஆண்டு ஆசியத் தடகளப் போட்டியில் வென்ற 800 மீட்டர் தங்கப் பதக்கத்தை இழக்கவும், நான்கு ஆண்டுகள் போட்டித் தடை பெறவும் காரணமான வழக்கு ஆகும். அவருடைய சிறுநீர் மாதிரிகளில் நாண்ட்ரோலோன் என்னும் தடைசெய்யப்பட்ட மருந்தின் சிதைபொருள் கண்டறியப்பட்டது. தாம் அறிந்து எந்தத் தடைசெய்யப்பட்ட மருந்தையும் உட்கொண்டதில்லை என அவர் கூறினார்.

இவ்வழக்கு தமிழ்நாட்டின் விளையாட்டு இரசிகர்களிடையே நீண்ட விவாதத்தைக் கிளப்பியது. அவ்விவாதம் பெரும்பாலும் "அவர் தெரிந்து செய்தாரா?" என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தது. ஊக்கமருந்து விதிகளோ முதலில் கேட்பது வேறொரு கேள்வி: "அவர் உடலில் அப்பொருள் இருந்ததா?" இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலான தொலைவைப் புரிந்துகொண்டால், இவ்வழக்கை மட்டுமன்றி, கல்லூரி மைதானம் முதல் ஒலிம்பிக் வரை இத்தகைய வழக்குகள் பெரும்பாலானவற்றையும் புரிந்துகொள்ளலாம்.

பின்னணி

கோமதி 1989 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள முடிகண்டம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு வளர்க்கப்பட்ட வீராங்கனை அல்லர். ஏறத்தாழ 20 வயதில், கல்லூரிக் காலத்தில்தான் முறையான ஓட்டப் பயிற்சிக்கு வந்தார். பின்னர் வருமான வரித்துறையில் பணியாற்றினார். ஆசியத் தடகளப் போட்டிகளில் 2013 இல் புனேயில் ஏழாம் இடத்தையும், 2015 இல் சீனாவின் வூகானில் நான்காம் இடத்தையும் பெற்றார். 2016 இல் தந்தை புற்றுநோயால் இறந்தார். மகளுக்கு நல்ல உணவு மிஞ்ச வேண்டும் என்பதற்காகத் தந்தை மாட்டுக்கு வைத்திருந்த தீவனத்தை உண்ட நாட்களும் உண்டு என்று கோமதி பின்னாளில் செய்தியாளர்களிடம் கூறியது தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது.

2019 ஏப்ரல் 22 அன்று கத்தார் நாட்டின் தோகா நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தொலைவை 2 நிமிடம் 2.70 வினாடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். அது அவருடைய அதுவரையிலான சிறந்த நேரம். அப்போட்டியில் இந்தியாவிற்குக் கிடைத்த முதல் தங்கமும் அதுவே. சீனாவின் வாங் சுன்யூ 0.26 வினாடி பின்தங்கி இரண்டாவதாக வந்தார். அப்போது கோமதிக்கு வயது 30.

ஊர் திரும்பியவருக்குப் பெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. அரசியல் கட்சிகளும் திரைத்துறையினரும் இலட்சக்கணக்கில் பணமுடிப்பு வழங்கினர். வெவ்வேறு நிறக் காலணிகளுடன் அவர் ஓடிய படம் வறுமையின் சான்றாகப் பரவியது. அவை தமக்கு இராசியான காலணிகள் என்று அவரே விளக்கிய பின்னரும் அக்கதை ஓயவில்லை. ஒருவர் வெல்வதற்கு முன் எவரும் கேட்காத அவருடைய வறுமை, வென்ற பின் அனைவருக்கும் தேவைப்பட்டது எனலாம்.

சோதனைகளும் தீர்ப்பும்

தோகாவிற்குச் செல்லும் முன், 2019 மார்ச் மாதத்தில் பஞ்சாபின் பட்டியாலாவில் நடந்த கூட்டமைப்புக் கோப்பைப் போட்டியில் கோமதி பங்கேற்றார். மார்ச் 18 அன்று அங்கு அவரிடம் சிறுநீர் மாதிரி பெறப்பட்டது. அதன் முடிவு வெளிவரும் முன்னரே அவர் தோகா சென்று ஓடி வென்றுவிட்டார். அங்கு பெறப்பட்ட மாதிரியிலும் அதே பொருள் இருந்தது. மே 17 முதல் அவர் தற்காலிகமாக இடைநீக்கம் செய்யப்பட்டார். செய்தி வெளியில் தெரிந்தது அதற்குச் சில நாட்கள் கழித்தே. பட்டியாலா முடிவு உரிய நேரத்தில் கிடைத்திருந்தால் இச்சங்கடம் தவிர்க்கப்பட்டிருக்கும் என இந்தியத் தடகளக் கூட்டமைப்பின் தரப்பில் கூறப்பட்டது.

ஊக்கமருந்துச் சோதனையில் ஒரே நேரத்தில் பெறப்படும் சிறுநீர் இரு குப்பிகளில் பிரித்து முத்திரையிடப்படும். முதலில் 'ஏ' மாதிரி சோதிக்கப்படும். அதில் தடைசெய்யப்பட்ட பொருள் இருப்பின், வீரர் தம் சார்பில் ஒருவரை ஆய்வகத்திற்கு அனுப்பி 'பி' மாதிரியைத் திறக்கக் கோரலாம். இரண்டும் ஒத்திருந்தால் ஆய்வகத் தவறு என்ற வாதம் பெருமளவு வலுவிழக்கும்.

பன்னாட்டுத் தடகள அமைப்பின்கீழ்த் தனித்து இயங்கும் தடகள நேர்மைப் பிரிவு இவ்வழக்கை நடத்தியது. நான்கு ஆண்டுத் தடை 2020 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. இடைநீக்கத் தேதியிலிருந்து கணக்கிடப்பட்டதால் தடை 2019 மே 17 முதல் 2023 மே 16 வரை நீடித்தது. 2019 மார்ச் 18 முதல் மே 17 வரையிலான அவருடைய போட்டி முடிவுகள் அனைத்தும் நீக்கப்பட்டன. தோகா தங்கமும் அவற்றுள் அடங்கும்.

நாண்ட்ரோலோன்

நாண்ட்ரோலோன் ஆண்பால் இயக்குநீரான டெசுட்டோசுட்டிரோனை ஒத்த ஒரு செயற்கைச் சுட்டீராய்டு ஆகும். தசையைப் பெருக்குவதும், கடும் பயிற்சிக்குப் பின் உடல் மீள்வதை விரைவாக்குவதும் இதன் விளைவுகள். மருத்துவத்தில் கடும் உடல் மெலிவு, சிலவகை இரத்தச்சோகை, எலும்புத் தேய்வு போன்றவற்றிற்குப் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. பெண்களில் குரல் தடித்தல், முகத்தில் முடி வளர்தல், மாதவிடாய்க் குழப்பம் ஆகியவை இதன் பக்கவிளைவுகள்; இவற்றுட் சில மருந்தை நிறுத்திய பின்னரும் மாறுவதில்லை. சுட்டீராய்டுகளுக்கான சோதனை ஒலிம்பிக்கில் 1976 மொண்ட்ரியால் போட்டியில் நடைமுறைக்கு வந்தது.

இம்மருந்து எண்ணெயில் கரைத்துத் தசையில் ஊசியாகப் போடப்படும்போது மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கின்றது. உடல் இதனைச் சிதைத்து 19-நார்ஆண்ட்ரோசுட்டிரோன் என்னும் பொருளாகச் சிறுநீரில் வெளியேற்றுகின்றது. ஊசி போட்டுப் பல மாதங்கள் கழித்தும் இச்சிதைபொருள் தென்படக்கூடும். ஆகவே வெவ்வேறு தேதிகளில் பெறப்பட்ட மாதிரிகளில் இது தொடர்ந்து காணப்படுவது, மருந்து அத்தனை முறை உட்கொள்ளப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. அதேவேளை, ஒரு வேளை உணவால் வந்தது என்ற விளக்கத்தையும் அது கடினமாக்குகின்றது.

இச்சிதைபொருள் சிறிதளவில் இயற்கையாகவும் தோன்றக்கூடும் என்பதே நாண்ட்ரோலோன் வழக்குகளைச் சிக்கலாக்குவது. கருவுற்ற பெண்களின் சிறுநீரில் இது காணப்படும். மாதவிடாயைத் தள்ளிப்போட இந்தியாவில் பரவலாக உட்கொள்ளப்படும் நோரெத்திசுட்டிரோன் மாத்திரையிலிருந்தும் நுண்ணளவில் வரலாம். எனவே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, ஒரு மில்லிலீட்டருக்கு 2 நானோகிராம் என ஒரு வரம்பை வைத்துள்ளது. அதற்குச் சற்று மேலான அளவுகளில், அப்பொருளிலுள்ள கரிம ஓரிடத்தான்களின் விகிதத்தை அளந்து, அது உடலில் உருவானதா, வெளியிலிருந்து வந்ததா என ஆய்வகங்கள் பிரித்தறிகின்றன. 15 நானோகிராமுக்கு மேற்பட்டால், கருவுற்றிருத்தல் போன்ற விலக்குகள் நீங்கலாக, அது வெளியிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படும்.

இவ்வளவு நுணுக்கம் தேவைப்பட்டதற்குக் காற்பந்தும் ஒரு காரணம். 2001 இல் எட்கர் டேவிட்சு, யாப் சுட்டாம், பெப் கார்டியோலா உட்பட ஐரோப்பாவின் முன்னணிக் காற்பந்து வீரர்கள் பலர் அடுத்தடுத்து நாண்ட்ரோலோன் சோதனையில் சிக்கினர். கார்டியோலா நான்கு மாதத் தடையை அனுபவித்து முடித்தார். பல ஆண்டுகள் வழக்காடிய பின்னரே குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்.

இரசிகர்களின் வாதங்கள்

"உணவிலிருந்து வந்திருக்கும்" என்பது இத்தகைய வழக்குகளில் தமிழ்நாட்டில் முதலில் எழும் வாதம். பிராய்லர் கோழிக்கு இயக்குநீர் ஊசி போடுகிறார்கள் என்ற நம்பிக்கை இதன் பின்னே உள்ளது. பல்லடம், உடுமலைப்பேட்டை, நாமக்கல் எனக் கோழி வளர்ப்பில் பெயர்பெற்ற கொங்கு நாட்டிலேயே இந்நம்பிக்கை பரவலாக இருப்பது வியப்பிற்குரியது. பிராய்லர் கோழி விரைந்து வளர்வதற்கு இனத்தேர்வும் தீவனமுமே காரணம். ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தனித்தனியே ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. நாண்ட்ரோலோனைப் பொறுத்தவரை அறிவியலாளர் ஏற்கும் உணவு மூலம், விதை நீக்கப்படாத ஆண் பன்றியின் ஈரல் போன்ற உள்ளுறுப்புகளே. அமெரிக்காவின் நடுத்தூர ஓட்ட வீராங்கனை செல்பி ஹூலிகன், தாம் உண்ட பரிட்டோவில் அத்தகைய பன்றியிறைச்சி கலந்திருக்கலாம் என வாதிட்டார். விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை; 2021 இல் நான்கு ஆண்டுத் தடை பெற்றார்.

எனினும் உணவு வாதம் எப்போதும் தோற்பதில்லை. அமெரிக்க நீளந்தாண்டல் வீரர் ஜாரியன் லாசன், டிரென்போலோன் என்னும் வேறொரு சுட்டீராய்டுக்காக நான்கு ஆண்டுத் தடை பெற்றவர். அம்மருந்து அந்நாட்டில் மாடுகளுக்குச் சட்டப்படியே கொடுக்கப்படுவது. சோதனைக்குச் சற்று முன் உண்ட மாட்டிறைச்சியே காரணம் என்று அவர் முன்வைத்த விளக்கத்தை 2020 இல் தீர்ப்பாயம் ஏற்று அவரை விடுவித்தது. அதற்கு அறிவியல் வல்லுநர்களும், உணவகம் வரை தடம்பிடித்துச் செல்லும் வழக்கறிஞர்களும் தேவைப்பட்டனர். முடிகண்டத்திலிருந்து வந்த ஒருவருக்கு இவற்றிற்கான பணமும் தொடர்பும் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் விதிப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

"கிராமத்துப் பெண், அவருக்கு என்ன தெரியும்" என்பது இரண்டாவது வாதம். இரக்கத்திலிருந்து பிறப்பதாயினும், பட்டம் பெற்று மத்திய அரசுப் பணியில் இருந்து நாட்டிற்காகப் பலமுறை ஓடிய ஒருவரை ஏதுமறியாதவராகக் காட்டுவது அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. விதியும் இதனை ஏற்பதில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பின் அடிப்படை 'கடும் பொறுப்பு' எனப்படுகின்றது: தம் உடலுக்குள் செல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் வீரரே பொறுப்பு. அவர் நோக்கத்தை முறையீட்டாளர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சுட்டீராய்டு கண்டறியப்பட்டால் தண்டனை நான்கு ஆண்டுகளில் தொடங்கும். வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை வீரரே மெய்ப்பித்தால் அது குறையும். குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் செல்கின்றது. இங்கு அது எதிர்ப்பக்கம் செல்கின்றது. கடுமையானதே. ஆனால் "எனக்குத் தெரியாது" என்று சொன்னாலே போதும் எனில் எந்த வழக்கும் நில்லாது என்பது விதியை வகுத்தோர் தரும் விடை.

மூன்றாவது வாதம் ஆய்வகத்தையும் அதிகாரிகளையும் பற்றியது, இதுவே கனமானது. தில்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்தின் ஏற்பை உலக முகமை 2019 ஆகத்து மாதம் இடைநிறுத்தியது. ஆய்வு முறைகளில் கண்ட குறைகள், மேற்சொன்ன ஓரிடத்தான் விகிதச் சோதனை உட்பட, காரணமாகக் கூறப்பட்டன. 2021 திசம்பரில்தான் ஏற்பு மீண்டும் கிடைத்தது. எனவே இந்தியச் சோதனைகளின் மீது இரசிகர்கள் கொண்ட ஐயம் முற்றிலும் கற்பனை அன்று. ஆயினும் தோகாவில் பெறப்பட்ட மாதிரி இந்திய அமைப்புகள் பெற்றதன்று என்பதால் இவ்வாதத்தைக் கொண்டு முழு வழக்கையும் தள்ளிவிட இயலாது. மார்ச் மாத மாதிரியின் முடிவு ஏப்ரல் 22 க்குள் ஏன் வரவில்லை என்பதே இதில் எஞ்சும் வினா. முடிவு வந்திருந்தால் கோமதி தோகாவில் ஓடியிருக்க மாட்டார். வரவேற்பும் பணமுடிப்பும் பின்னர் வந்த அவமானமும் நேர்ந்திரா.

கல்லூரி விளையாட்டும் இதே விவாதமும்

தோகா போட்டிக்கு நான்கு மாதங்கள் முன்பு இதே விவாதம் அமெரிக்காவில் கல்லூரிக் காற்பந்து இரசிகர்களிடையே நடந்தது. (அமெரிக்கக் காற்பந்து என்பது நாம் அறிந்த காற்பந்து அன்று, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி மோதி முன்னேறும் ஆட்டம்.) 2018 திசம்பரில் கிளெம்சன் பல்கலைக்கழக அணியின் முன்னணி வீரர் டெக்சுட்டர் லாரன்சு உள்ளிட்ட மூவரின் மாதிரிகளில் ஒசுட்டாரின் என்னும் தசைபெருக்கி மருந்து நுண்ணளவில் கண்டறியப்பட்டது. எங்கிருந்து வந்தது எனத் தெரியவில்லை என்று மூவரும் கூறினர். தலைப்பூச்சு முதல் சத்துமாவு வரை எதிலிருந்தும் வந்திருக்கலாம் எனப் பயிற்சியாளர் டாபோ சுவின்னி பேசினார். அவ்வணியின் இரசிகர்கள் நுண்ணளவைச் சுட்டிக்காட்டினர். எதிரணி இரசிகர்கள் மூவர் என்ற எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டினர். ஒருவரையொருவர் நம்பவைக்க எவராலும் இயலவில்லை. கிளெம்சன் மூவரும் இன்றியே அரையிறுதியையும் இறுதியையும் வென்றது. கல்லூரி விதிப்படி தண்டனை ஓராண்டு விளையாடத் தடை. ஆனால் லாரன்சு 2019 இல் தொழின்முறை அணியொன்றால் முதற்சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார்; தடை அவரைத் தொடவில்லை.

இந்தியக் கல்லூரி மாணவருக்கு அத்தகைய மறுகரை இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாநில அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. தொடர்வண்டித் துறை, வருமான வரித்துறை, காவல்துறை ஆகியனவும் பதக்கத்தைப் பார்த்துப் பணியமர்த்துகின்றன. போத்தனூர் போன்ற தொடர்வண்டி ஊர்களில் வளர்ந்தோருக்கு அத்துறையில் விளையாட்டு வழியாகக் கிடைக்கும் பணியின் மதிப்பு சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஒரு பல்கலைக்கழகப் போட்டியின் மூன்றாம் இடத்திற்கும் நான்காம் இடத்திற்கும் இடையே ஒரு குடும்பத்தின் வருமானம் நிற்கும்போது, பயிற்சியாளர் தரும் பொடியில் என்ன உள்ளது என்று கேட்கும் துணிவு எளிதில் வருவதில்லை.

2011 இல் இந்தியாவின் தொடரோட்ட வீராங்கனைகள் சிக்கியது இவ்வழியேதான். 2010 இல் பொதுநலவாய விளையாட்டிலும் ஆசிய விளையாட்டிலும் 4 x 400 மீட்டர் தங்கம் வென்ற அணியின் அசுவினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோசு உள்ளிட்டோர் சுட்டீராய்டு சோதனையில் சிக்கினர். உக்ரைனியப் பயிற்சியாளர் யூரி ஒகரோத்னிக் சீனாவிலிருந்து வாங்கித் தந்த ஜின்செங் சத்துமாத்திரைகளே காரணம் என அவர்கள் கூறினர். பயிற்சியாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார். இந்தியக் குழு விதித்த ஓராண்டுத் தடையைத் தீர்ப்பாயம் 2012 இல் இரண்டாண்டுகளாக உயர்த்தியது. கொடுத்தவர் எவராயினும் பொறுப்பு உட்கொண்டவருடையதே என்பது அதில் உறுதியாயிற்று.

திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மற்றொரு வீராங்கனையான விரைவோட்டக்காரர் தனலட்சுமி சேகரும் 2022 இல் சுட்டீராய்டு சோதனையில் சிக்கி, பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு வாய்ப்பை இழந்தார். குற்றத்தைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டதால் ஓராண்டு குறைந்து மூன்றாண்டுத் தடை பெற்றார். மறுப்போருக்கு நான்கு, ஒப்புக்கொள்வோருக்கு மூன்று என்னும் இவ்விதி, உண்மையிலேயே அறியாதவரையும் ஒப்புக்கொள்ளத் தூண்டக்கூடியது என்பது ஒரு குறையே.

சோதனை அதிகாரிகளைக் கண்டு போட்டியையே விட்டு ஓடுவதும் நடந்துள்ளது. 2023 செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டியில் அதிகாரிகள் வந்த செய்தி பரவியதும், ஆண்களுக்கான 100 மீட்டர் இறுதியோட்டத்தில் எண்மருள் ஒருவர் மட்டுமே ஓடினார். உலக முகமையின் 2022 ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத்தில், இந்தியாவில் சோதிக்கப்பட்ட 3,865 மாதிரிகளில் 125 தடைசெய்யப்பட்ட பொருளைக் காட்டின. 2,000 க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்த நாடுகளில் இதுவே மிகுந்த விகிதம். அவ்வாண்டே இயற்றப்பட்ட தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம், அதுவரை ஒரு சங்கமாக இருந்த தேசிய முகமைக்குச் சட்டத் தகுதி அளித்தது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கேலோ இந்தியா போட்டிகளிலும் அம்முகமை மாதிரிகளைப் பெறுகின்றது. கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் பயிற்சி பெறும் மாணவர் ஒருவர் அங்கு ஓடச் சென்றால், கோமதிக்குப் பொருந்திய அதே விதி அவருக்கும் பொருந்தும்.

பதக்கப் பட்டியல்

கோமதியின் முடிவு நீக்கப்பட்டதால் 2019 ஆசியப் போட்டியின் 800 மீட்டர் தங்கம் வாங் சுன்யூவிற்கும், வெள்ளி கசக்சுத்தானின் மார்கரீட்டா முக்கசேவாவிற்கும் உரியதாயிற்று. தமிழ்நாட்டில் நடந்த விவாதங்களில் இவ்விருவரின் பெயர் அரிதாகவே இடம்பெற்றது. தோகாவில் இரண்டாம் படியில் நின்று இந்திய நாட்டுப்பண்ணைக் கேட்ட வாங், ஓராண்டுக்குப் பின் வெளிவந்த தீர்ப்பின் வழியே முதலிடத்தைப் பெற்றார். 2021 இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கின் இறுதியோட்டத்தில் அவர் 1 நிமிடம் 57.00 வினாடிகளில் ஓடி ஐந்தாம் இடம் பெற்றார். அப்போது கோமதியின் தடையில் இன்னும் ஏறத்தாழ 21 மாதங்கள் எஞ்சியிருந்தன.